அடைப்புக்குறிக்குள் என் பெயர்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு, "உன் இஷ்டம்மா, எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது பொய். எனக்கு நிறைய இருக்கிறது. உன் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் என் மேஜைமேல் கிடக்கிறது. அதில் உன் பெயருக்கு முன்னால் இனிஷியலாக என் பெயரின் முதலெழுத்து நிற்கிறது. தாலி ஏறியதும் அதை எடுத்துவிட்டு மாப்பிள்ளையின் எழுத்தைப் போட வேண்டும் என்கிறார் சம்பந்தியம்மா. பாஸ்போர்ட்டிலும் பேங்கிலும் மட்டும் போதாதாம், நீ இனி எழுதப்போகும் கட்டுரைகளிலும் அவர் பெயர்தான் வர வேண்டுமாம். மாப்பிள்ளை அவர் அம்மா பேசும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே இருக்கிறார், அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. நீயோ "நீங்க என்ன சொல்றீங்களோ அதான்ப்பா" என்று என் தலையில் கட்டிவிட்டாய். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, உன் முதல் கட்டுரை அச்சில் வந்த நாளிலிருந்தே இருக்கிறது. அம்மா அதற்கு வயிற்றெரிச்சல் என்று பெயர் வைத்திருக்கிறாள். பெற்ற பெண்மேல் வயிற்றெரிச்சல் படுகிற மனுஷனை இந்த ஊரில் வேறெந்த வீட்டிலும் பார்த்ததில்லை என்கிறாள், சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாம்பாரும் ஊற்றுகிறாள். நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இந்தப் பொறாமைக்குள்ளிருந்துதான் வரப்போகிறது. அதை மறைத்துவிட்டுப் பெரிய மனுஷன் மாதிரி அறிவுரை சொன்னால் நீ இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாய்.

மாவட்டம் பிரிந்து நம் ஊர் தலைநகரமான புதிதில் எனக்கு வேலூரிலிருந்து இங்கே மாற்றலானது உனக்கு நினைவிருக்கும். மண் பரிசோதனை நிலையத்தில் வேலை. விவசாயிகள் துணிப்பையில் மண் கொண்டுவருவார்கள், நாங்கள் சோதித்து, எந்த உரம் எவ்வளவு என்று சீட்டு எழுதிக் கொடுப்போம். ஆராய்ச்சி பண்ணு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்ற வருகிற கூட்டம் பெருகத் தொடங்கிய காலம் அது. அடி அண்ணாமலையில் பாதையை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒருவர், கூட்டம் வழிந்து நடக்கிற ஓரத்தில் மட்டும் மழைத் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது என்று சொன்னார். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. லீவு நாளெல்லாம் சைக்கிளில் ஓர் இரும்பு வளையமும் சுத்தியலும் தண்ணீர்க் குடமுமாகக் கிளம்பிவிடுவேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் உன்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொள்வேன். வளையத்தைப் பாதி மண்ணில் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். எவ்வளவு கால் பட்டால் மண் எவ்வளவு இறுகுகிறது என்பதுதான் நான் தேடிய விஷயம்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை நடந்த கூத்தை நீயே பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். ஓர் ஆள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தரையில் ஓர் இரும்பு வளையத்துக்குள் இருக்கும் தண்ணீரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். கிரிவலம் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? முதலில் ஒருவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் பூப் போட்டார். யாரோ வளையத்தின் விளிம்பில் கற்பூரம் ஏற்றினார்கள். கடைசியில் ஓர் அம்மாள் கையிலிருந்த சொம்புத் தண்ணீரை அப்படியே உள்ளே அபிஷேகம் செய்துவிட்டார், அதோடு அன்றைய அளவு போயிற்று. நான் கத்திவிட்டேன், இது சாமி இல்லம்மா, மண்ணு என்று. அவர் கொஞ்சமும் அசையாமல், "அப்புறம் இன்னாத்துக்கு சார் இம்மா நேரம் அதையே பாத்துனு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நீ சாக்குமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு ஒன்று கேட்டாய். ஜனங்கள் நடக்கிறதை நிறுத்திவிட்டால் மண் பழையபடி ஆகிவிடுமா, அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று. யாரும்மா நிறுத்தப் போறாங்க என்று சொல்லிவிட்டு நான் வளையத்தைப் பிடுங்கி அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டேன்.

அந்த அளவுகளை வைத்து நான் எழுதிய கட்டுரை அச்சில் வந்தது. சின்ன ஜர்னல், சில வருஷத்தில் நின்றும் போனது. பிரதிகள் வாங்கித் தெரிந்தவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பினேன். மேலதிகாரி ஒருவர் தலைப்பில் கிரிவலப் பாதை என்று இருந்ததைப் பார்த்துவிட்டு பக்திக் கட்டுரையா என்று கேட்டார். நம் தொழிலில் ஒருவன் எழுதியதை இன்னொருவன் படித்து, தன் கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் அவன் பெயரையும் வருஷத்தையும் போட்டால் அதுதான் மேற்கோள், அதுதான் மரியாதை. உனக்குத் தெரியாததில்லை, இந்தக் கடிதத்தை அம்மாவும் படிப்பாள், அவளுக்காக எழுதுகிறேன். எனக்கு அந்த மரியாதையை யாரும் செய்யவில்லை. கோயம்புத்தூருக்கு மீட்டிங் போகும்போதெல்லாம் நூலகத்தில் புது ஜர்னல்களைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுவேன். பின்பக்கத்தில்தானே மேற்கோள் பட்டியல் இருக்கும். சினிமாவில் நடித்தவன் டைட்டிலில் தன் பெயரைத் தேடுகிற மாதிரி தேடுவேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

அப்புறம் நீ வந்தாய். நீ மண்ணியல் எடுத்தபோது எனக்கு வந்தது உண்மையான சந்தோஷம், அதில் சந்தேகப்படாதே. நீ ஆஸ்திரேலியாவுக்குப் போன புதிதில் ஒரு நாள் போன் பண்ணினாய். குடும்பப் பெயர் இல்லாமல் அங்கே எந்த ஃபாரத்தையும் வாங்க மாட்டேன் என்கிறார்கள், இனிஷியலை விரித்து உங்கள் பெயரையே போட்டுவிடட்டுமா என்று கேட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை, தாராளமாய்ப் போடு என்றேன். அதன் விளைவு அப்போது எனக்குப் புரியவில்லை. ஆடு மேய்ந்து மிதித்து இறுகிய நிலம், ஆடுகளை வேறிடத்துக்கு ஓட்டிவிட்டால் எத்தனை பருவத்தில் மறுபடியும் தண்ணீர் குடிக்கிறது என்று நீ எழுதினாய். சாக்குமேல் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி. அதை உலகம் பிடித்துக்கொண்டது. உலகத்தில் எவரும் உன் பெயரை எழுதுவதில்லை பாப்பா, குடும்பப் பெயரை மட்டும்தான் எழுதுகிறார்கள். சீனாவில் எழுதுகிறவரும் பிரேசிலில் எழுதுகிறவரும் அடைப்புக்குறிக்குள் என் பெயரைப் போட்டு, பக்கத்தில் வருஷத்தைப் போடுகிறார்கள். நான் நூலகத்தில் வருஷக்கணக்காகத் தேடிய அதே பெயர், அதே எழுத்துகள், நான் எங்கே தேடினேனோ அதே இடம். ஆனால் அது நான் இல்லை. என் பெயர்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. இப்படி ஒரு கஷ்டம் வேறு யாருக்கும் வந்திருக்காது.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு எதிரே ரஹீம் வைத்திருக்கிற பிரௌசிங் சென்டருக்கு நான் வாராவாரம் போவது உனக்கு மெயில் அனுப்பத்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் வீட்டில் தலைமுறையாகத் தேரடியில் வளையல் வியாபாரம், இவர்தான் கம்ப்யூட்டருக்கு மாறியவர். சுற்றிலும் ஜோல்னாப் பையும் ருத்திராட்சமுமாக வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து மெயில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நடுவில் நான் என் பெயரைத் தட்டித் தேடிக்கொண்டிருப்பேன். கட்டுரையின் கீழே எத்தனை மேற்கோள் என்று எண் போட்டு வருகிறதே, அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டிக் கொடுத்ததே ரஹீம்தான். அவருக்கு எல்லாம் என் கட்டுரைகள். "போன வாரத்துக்கு இந்த வாரம் ஜாஸ்தி ஆயிடுச்சு சார்" என்று கல்லாவிலிருந்தே சொல்லுவார். நான் திருத்தியதில்லை. பட்டியலில் கடைசியாக என் கிரிவலப் பாதைக் கட்டுரை எண் எதுவும் இல்லாமல் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, இது ஒண்ணு மட்டும்தான் சார் கம்மியாவே இருக்கு என்று எனக்காக வருத்தப்படுவார்.

ஒரு தடவை ஆசிரமத்தில் தங்கியிருந்த வடநாட்டுப் பேராசிரியர் ஒருவரிடம் ரஹீம் என்னை அறிமுகம் செய்துவைத்தார். நம் துறைக்காரர். பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு கட்டுரை தன் மாணவர்கள் எல்லோருக்கும் பாடம் என்றார். காபி வரவழைத்தார். நான் குடித்தேன். மண் மறுபடி இளகுவதைப் பற்றி ஏதோ கேட்டார், அதற்குப் பதிலும் சொன்னேன், சரியாகவே சொன்னேன். ஆடுகளை எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன். அது என் மகள் என்றேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை, ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு உன் மெயில் முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்கவில்லை. உனக்கு அவர் எழுதினார் என்று நீ ஒருநாள் ஆச்சரியமாகச் சொன்னாயே, அவர்தான் இவர். அன்று நான் தெரியாத மாதிரி உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் போன மாதம் என் கட்டுரையின் கீழே முதல் முறையாக ஓர் எண் வந்தது. ஒன்று. ரஹீம் எழுந்து வந்துவிட்டார். ஆப்பிரிக்காவில் யாரோ ஒருவர், சந்தைக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகளில் மண் இறுகுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதர்கள் வெறுங்காலில் நடந்தே நிலம் இவ்வளவு இறுகும் என்பதை முதலில் கவனித்துச் சொன்ன கட்டுரை என்று என்னுடையதைப் பாராட்டியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கியது என்று சொல்ல வெட்கமில்லை. கீழே போய்ப் பட்டியலைப் பார்த்தேன். தலைப்பு என்னுடையது, ஜர்னல் என்னுடையது, வருஷம் என்னுடையது, பெயரும் என்னுடையது. பெயரோடு ஒட்டியிருந்த எழுத்து மட்டும் உன்னுடையது, என் அப்பாவின் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயரின் முதலெழுத்து. அந்தப் பெயரில் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான், அது நீதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அந்த வருஷம் நீ அஞ்சாங்கிளாஸ். காலம் முழுக்கக் காத்திருந்து கிடைத்த ஒரே ஒரு மேற்கோளும் உன் கணக்கில் விழுந்துவிட்டது. பேரு கரெக்டாத்தானே சார் இருக்கு என்றார் ரஹீம். அன்று அவர் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினேன். உனக்குச் சொன்னபோது நீ முதலில் சிரித்துவிட்டாய், பிறகு பதறிப்போய், அவருக்கு எழுதித் திருத்தச் சொல்கிறேன் என்றாய். நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி, இங்கிலீஷில் காரசாரமாக ஒன்று எழுதியும் வைத்தேன்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் இனிஷியல் பிரச்சினை வந்தது. என் மனதில் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நல்லதாய்ப் போயிற்று, மாற்றிக்கொள்ளட்டும் என்றுதான். என் பெயரை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு நீ வேறு பெயரில் உலகத்தை ஆளு, என் பெயரில் நானும் என் ஒற்றைக் கட்டுரையும் இருந்துவிட்டுப் போகிறோம் என்று நினைத்தேன். உன் இஷ்டம்மா என்று நான் சொன்னதற்கு அர்த்தம் அதுதான். அதற்கு மறுநாள் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை அந்தத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, இந்த மண்ணு எங்க வாங்கினீங்க அங்கிள் என்று கேட்டது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், என் உடம்பெல்லாம் எரிந்தது. மண்ணைக் கடையில் வாங்குகிற மனுஷன். நாளைக்கு சீனாக்காரரும் பிரேசில்காரரும் அடைப்புக்குறிக்குள் அவர் பெயரைப் போடுவார்களா? அவர் ஒரு குடம் தண்ணீர் சுமந்திருப்பாரா? உன்மேல் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவர் தங்கமான பையன், உன்னை நன்றாக வைத்துக்கொள்வார், எல்லாம் தெரிந்தும் சொல்கிறேன்.

உடனே உள்ளே போய் அம்மாவிடம் பெரிய நியாயமாகப் பேசினேன். பெயரை மாற்றினால் இதுவரை எழுதியது ஒருத்தி கணக்கிலும் இனி எழுதுவது இன்னொருத்தி கணக்கிலுமாக இரண்டாகப் பிரிந்துவிடும், வேலைக்கு விண்ணப்பம் போடும்போது பாதி ஆள் மாதிரி தெரிவாள், மாற்றவே கூடாது என்று நீளமாகச் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்கப்பா பேரு போச்சே, அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள்.

நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். ரேஷன் ஆபீஸ் வரிசையில் இருந்தேன். கல்யாணமான புதிதில் அவள் பெயருக்கு முன்னால் என் எழுத்தைப் போடச் சொல்லி ஃபாரம் கொடுத்துவிட்டு, திரும்பும்போது அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தேன். அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட்டில் மட்டும்தான் இன்றைக்கும் அவள் அப்பா இருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவள் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. கீரையை முடித்துவிட்டு அவளே சொன்னாள். "அவ எழுதனது, அவ பேரு. உங்களுக்காகவும் வெச்சிக்க வேணாம், அவங்களுக்காகவும் மாத்த வேணாம். அவளுக்கு எது வேணுமோ அதப் பண்ணட்டும்னு சொல்லுங்க. ஆனா மனசார சொல்லுங்க."

மனசார என்கிற இடத்தில்தான் எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. இப்போது சொல்கிறேன். வீட்டில், பாஸ்போர்ட்டில், ரேஷன் கார்டில் உனக்கும் அவருக்கும் எது சௌகரியமோ அதைச் செய்துகொள், அதில் நான் தலையிட மாட்டேன். கட்டுரையில் மட்டும் மாற்றாதே என்பது என் எண்ணம், ஆனால் அது என் பெயர் என்பதற்காக இல்லை. அந்தப் பெயர் என் கையைவிட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. எந்த ஊரில் கேட்டாலும் அது உன்னைத்தான் காட்டுகிறது, நான்தான் பக்கத்தில் நின்று நான் அவளோட அப்பா என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சின்னப் பெண் சாக்கில் உட்கார்ந்து கேட்டதை நான் காதில் வாங்காமல் விட்டேன், நீ இருபது வயசு தாண்டியும் விடவில்லை. அதற்குக் கிடைத்த பெயர் அது. சம்பந்தியம்மாவிடம் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும் என்கிற காரணத்தைச் சொல், அது உண்மைதான், அவருக்கும் புரியும். தொட்டி மண் விஷயம் நமக்குள் இருக்கட்டும், மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். அவர் அடுத்த தடவை வரும்போது அடி அண்ணாமலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வளையத்தை அடிக்கச் சொல்கிறேன்.

பத்திரிகை புரூஃபை இப்போதைக்கு அப்படியே பிரஸ்ஸுக்குத் திருப்பி அனுப்புகிறேன். நகை, பாத்திரம் எல்லாம் அம்மா பார்த்துக்கொள்கிறாள், எது வாங்கினாள் எது வாங்கவில்லை என்று எனக்குத் தெரியாது. என் பங்காக உனக்குத் தர ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஆப்பிரிக்காக்காரருக்கு நீ எழுத வேண்டாம். நான் எழுதி வைத்திருந்ததையும் கிழித்துப் போட்டுவிட்டேன். என் கட்டுரைக்கு இத்தனை வருஷத்தில் வந்த ஒரே மேற்கோள் அது, உன் கணக்கிலேயே இருக்கட்டும், சீராக வைத்துக்கொள். மனசார கொடுக்கிறேன், அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், சாட்சி.

இன்னொன்று வந்தால் மட்டும் எனக்கு உடனே போன் பண்ணு. அது எனக்கு.

அன்புடன்,
அப்பா